மூலையில் ஒட்டிய பிளாஸ்திரி

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ‘தராசு’ என்று பெயர். பாராட்டி வைத்தார்களா, எரிச்சலில் வைத்தார்களா என்பது வைத்தவர்களுக்கே தெரியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. அந்த அரையிருட்டு அறையில், ஜெல் குப்பியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் என்றால், அப்புறம் அவள் வாயைக் கிளற யாராலும் முடியாது. “மூக்கு யாரு மாதிரி இருக்கு?” என்று ஆசையாகக் கேட்கிறவர்களுக்கும் “கொஞ்சம் பொறுங்க” என்பதுதான் பதில். அளந்து முடிக்கிறவரை அவள் கண்ணுக்கு மூக்கும் இல்லை, முகமும் இல்லை. ஒரு தலை, ஒரு வயிறு, ஒரு தொடை எலும்பு, அவ்வளவுதான்.

அவளிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. குழந்தையின் தலையைச் சுற்றி ஒரு வளையம், வயிற்றைச் சுற்றி ஒரு வளையம், தொடை எலும்புக்கு ஒரு கோடு என்று திரையில் போட்டுவிட்டால், குழந்தை இத்தனை கிராம் இருக்கும் என்று மிஷினே கணக்குப் போட்டுத் திரையின் வலது மூலையில் காட்டிவிடும். அந்த மூலையில் அக்கா தினமும் காலையில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிடுவாள். காயத்துக்கு ஒட்டுகிற சாதாரணப் பிளாஸ்திரி. எல்லா அளவும் எடுத்து, சந்தேகமாக இருந்தால் மறுபடியும் எடுத்து, இனி கை வைப்பதில்லை என்று முடிவான பிறகுதான் அதை உரித்து எடையைப் பார்ப்பாள்.

“என்ன, மிஷினுக்கு அடிபட்டுடுச்சா?” என்று பக்கத்து அறையில் ஸ்கேன் எடுப்பவள் கேட்காத நாள் கிடையாது.

“நம்பரைப் பாத்துட்டா கை அதுக்குத் தகுந்த மாதிரி நகரும். கைக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சுக்காதீங்க,” என்பாள் அக்கா.

பக்கத்து அறைக்காரிக்கு ‘ரேடியோ’ என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. ஜெல்லைத் தடவும்போது ஆரம்பித்தால் துடைத்துவிடும்வரை வாய் ஓயாது. கைராசிக்காரி, சிரித்த முகம், வருகிறவர்களுக்கெல்லாம் அவள் அறைதான் வேண்டும். தராசுக்கும் ரேடியோவுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருமுறை, ரேடியோ எழுதிக் கொடுத்த ஒரு ரிப்போர்ட்டை அக்கா எல்லார் முன்னாலும் நிறுத்தி, “இது அளந்ததா, நெனச்சதா?” என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் இந்தப் பிளாஸ்திரிக் கிண்டல் ஒன்றுதான்.

இந்த அக்காவுக்கு ஒரே தங்கை. தாய் சீக்கிரம் போய்விட்டதால் தலை பின்னிவிட்டதிலிருந்து கல்யாணம் கட்டிக் கொடுத்தது வரை எல்லாம் அக்காதான். தங்கை தையல்காரி. பெரிய தெருவில் ஒரு மிஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, உடை மாற்ற ஒரு திரைச்சீலை, இதுதான் கடை. அளவு விஷயத்தில் மனுஷர்கள் எவ்வளவு பொய் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. டேப்பைச் சுற்றும்போது வயிற்றை எக்கிக்கொள்ளாத ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை. கல்யாணக் கவுனுக்கு வந்த ஒருத்தி, “இப்ப இருக்கற அளவுக்கு வேணாம், நான் இளைக்கப் போற அளவுக்குத் தைங்க” என்று சொல்லி, கடைசியில் கவுனின் முதுகுப் பக்கத்தைப் பின்னூசியால் ஒப்பேற்றி அவளை அனுப்ப வேண்டியதாயிற்று. தையல்காரி மட்டும் பெரிய யோக்கியம் இல்லை. பிடித்தவர்கள் வந்தால் டேப்புக்குள் ஒரு விரலை விட்டுத்தான் அளப்பாள், தாராளமாக இருக்கட்டும் என்று. பிடிக்காதவர்களுக்கு விரல் கிடையாது.

கல்யாணமாகி, எல்லாரும் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்ட பிறகு அவள் வயிற்றில் ஒரு குழந்தை தங்கியது. ஒன்பதாம் மாதம் வரை ஒரு குறையும் இல்லை. அந்த மாதச் சோதனைக்குப் போனபோது, வயிற்றின் மேல் டேப் வைத்து அளந்த நர்ஸ் இன்னொரு முறையும் அளந்தாள்.

“வாரத்துக்கு ஏத்த மாதிரி வயிறு ஏறலையே. எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடுவோம்.”

வீட்டில் அத்தை, அதாவது புருஷனின் அம்மா, இதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “எங்க வம்சத்துல பொறக்கறப்போ எல்லாம் பொடிசுதான். இவன் பொறந்தப்போ உள்ளங்கையில அடங்கிட்டான்.”

“இப்ப கதவுலயே அடங்க மாட்டேங்கறேன்,” என்றான் அவன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். ஃப்ரிட்ஜும் அவனும் ஒரே நேரத்தில் ஒரு சமையலறைக்குள் நுழைய முடியாது.

எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரியும் சிரித்தாள். ஆனால் டேப்பை இரண்டாம் முறை வைத்தவளின் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தது அவள்தானே. தானே ஆயிரம் பேரிடம் அப்படி இரண்டாம் முறை டேப் வைத்தவள்.

ஸ்கேனுக்குப் போன அன்று அவள் பெயர் விழுந்தது ரேடியோவின் அறைக்கு. சொந்தக்காரர்களைத் தானே ஸ்கேன் பார்க்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் எழுதாத சட்டம். அதைக் கொண்டு வந்தவளே அக்காதான். தங்கை கேட்டால்தானே. நடைபாதையில் நின்று அடம்பிடித்தாள்.

“அவங்க பேசப் பேச எனக்குப் படபடப்பு ஏறும்க்கா. நீ பாரு. நீ பாத்தாதான் நான் நம்புவேன்.”

“சட்டம் போட்டதே நான்டி.”

“போட்டவளுக்குத் தளர்த்தத் தெரியாதா?”

வாயும் வயிறுமாக நிற்கிறவளோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது? அக்கா பக்கத்து அறைக்குப் போய் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள். ரேடியோ எட்டிப் பார்த்து, “தங்கச்சின்னா தராசு கூட வளையும் போல,” என்றாள். அக்கா தன் அறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே போனதும் தங்கையின் கண்ணில் பட்டது அந்தப் பிளாஸ்திரிதான். அதன் ஓரத்தை நகத்தால் நெருடினாள்.

“எனக்குமா மறைக்கற? நான் என்ன வெளி ஆளா?”

சொல்லிக்கொண்டே அதை உரித்து அக்காவின் வெள்ளைக் கோட்டுக் கையில் பட்டென்று ஒட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அக்காவின் முதுகில் காகிதம் ஒட்டி அனுப்பிய அதே குறும்பு. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அன்றைக்கு அந்த அறையில் ஸ்கேனே நடந்திருக்காது. அக்கா சிரித்துவிட்டாள். “கழுதை,” என்று சொல்லிவிட்டு விளக்கைக் குறைத்தாள்.

ஜெல் சில்லென்று இருந்தது. தலைக்கு ஒரு வளையம். தொடைக்கு ஒரு கோடு. அக்காவின் கை எவ்வளவு நிதானமானது என்பதைத் தங்கை அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தாள். ஊசிக்கு நூல் கோர்க்கிறவளின் நிதானம் அது. பிறகு வயிற்றைத் தேடிப் பிடித்தாள். திரையில் உருண்டையாக ஒரு வட்டம் நின்றது. அதைச் சுற்றி வளையம் போட்டதுதான் தாமதம், மூலையில் எண் வந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.

அக்காவின் கை நின்றது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. படம் சரியா விழல.”

வளையத்தை அழித்தாள். கருவியைக் கொஞ்சம் சாய்த்தாள். இன்னொரு படம், இன்னொரு வளையம். எண் ஏறியது. மறுபடி அழித்து, வளையத்தைத் தோலின் வெளி ஓரம் வரை தள்ளிப் போட்டாள். எண் இன்னும் ஏறி, இரண்டாயிரத்து இருநூறைத் தொட்டு நின்றது. அக்கா மூச்சு விட்டாள். அந்தப் படத்தைப் பதிந்துகொண்டாள்.

கேரட்டை நேராக வெட்டினால் சின்ன வட்டம், சாய்த்து வெட்டினால் பெரிய வட்டம். அடுப்படியில் நிற்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி இது. துணியைக் கிராஸில், அதாவது சாய்வாக, வெட்டினால் இழுத்த இழுப்புக்கு வரும் என்பது தையல்காரிக்குத் தெரியாதா? கடைசிப் படத்தில் வட்டம் நீண்டிருந்ததைத் தங்கை பார்த்தாள். எண் ஏறியதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சின்னதுதான்டி. ஆனா கோட்டுக்குள்ள இருக்கு,” என்றாள் அக்கா, வளர்ச்சி அட்டவணையில் கீழே இருந்த கடைசிக் கோட்டைக் காட்டி. “கோட்டுக்குக் கீழ போனாதான் கவலை. அப்ப தொப்புள்கொடியில ரத்தம் எப்படி ஓடுதுன்னு பாக்கணும், அடிக்கடி வரச் சொல்லணும். உனக்கு அதெல்லாம் வேணாம்.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். தராசுக்கு மட்டும் மனசு இருக்கக் கூடாதா என்ன? இருக்கலாம். ஆனால் தட்டில் உட்காரக் கூடாது.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே குதூகலம். “நான் சொல்லல?” என்று அத்தை ஊரையே கூட்டிவிடுவாள் போலிருந்தது. தையல்காரி கடையைத் திறந்து, மெத்தென்ற பருத்தித் துணியில் குழந்தைக்குச் சட்டை வெட்டினாள். வெட்டும்போது டேப்புக்குள் விட்ட விரல் மாதிரி ஓரம் கொஞ்சம் தாராளமாகவே விட்டாள். அந்த நீண்ட வட்டம் நடுநடுவே நினைப்பில் வந்தது. எனக்கென்ன தெரியும், அவளுக்குத் தெரியாததா என்று அதைத் துரத்தினாள்.

குழந்தை வழக்கமாக அந்த நேரத்தில் மிஷின் சத்தத்துக்கு உதைக்கும். அன்று அவ்வளவாக உதைக்கவில்லை.

“கடைசி மாசத்துல உள்ள எடமில்லாம அடங்கிப் போயிடும். எல்லாருக்கும் அப்படித்தான்,” என்றாள் அத்தை.

அதையும் தையல்காரி நம்பினாள். நம்ப ஆசைப்படுகிறவளுக்கு வெளுத்ததெல்லாம் பால்தான்.

மறுநாள் காலை கடையைத் திறக்கப் போனால், மூடிய ஷட்டர் முன்னால் அக்கா நிற்கிறாள். தலை சரியாக வாரவில்லை. கையில் மடித்த வெள்ளைக் கோட்டு. வேலைக்கு ஒரு நிமிஷம் பிந்திப் போகாதவள், வேலை நேரத்தில் இங்கே என்ன செய்கிறாள்?

“அசைவு எப்படி இருக்கு?” நலம் விசாரிப்பெல்லாம் இல்லை, இதுதான் முதல் கேள்வி.

“கம்மிதான். அத்தை சொன்னாங்க, எடமில்லாம...”

“அப்படி எதுவும் கிடையாது. எத்தனை மாசமானாலும் புள்ளை அசையணும். கிளம்பு, இன்னொரு தடவ ஸ்கேன் பாக்கணும்.”

“நேத்துதானேக்கா பாத்த? நல்லா இருக்குன்னு நீதானே சொன்ன?”

அக்கா கோட்டை விரித்துக் காட்டினாள். கோட்டின் கையில் அந்தப் பிளாஸ்திரி அப்படியே ஒட்டியிருந்தது, ஓரம் சுருண்டு, நடுவில் அழுக்குப் படிந்து.

“துவைக்கப் போடறப்போ பாத்தேன். நீ இதை என் கோட்டுல ஒட்டினதுக்குப் பதிலா என் கண்ணுல ஒட்டியிருக்கணும். நான் நேத்து உன் புள்ளைய அளக்கலடி. நம்பரைப் பாத்தேன், புடிக்கல. புடிக்கற வரைக்கும் அளந்தேன்.”

தங்கை ஷட்டரைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தது. நேற்று கிடைத்த நிம்மதியை இவளே கொடுத்துவிட்டு இவளே பிடுங்குகிறாளே என்று பொல்லாத கோபம். ஏதாவது சுருக்கென்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த நீண்ட வட்டம் ஞாபகத்துக்கு வந்து வாயை அடைத்துவிட்டது.

“நானும் பாத்தேன்க்கா,” என்றாள்.

“என்ன பாத்த?”

“வட்டம் இழுபட்டிருந்துச்சு. சொல்லல.”

அக்கா அவளை ஒரு முறை பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தால், கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ ஆசைப்படலாம். வயித்துல வெச்சிருக்கறவ நீ. நான் ஆசைப்படக் கூடாது, அதுக்குத்தான் எனக்கு அந்த நாற்காலி. வா.”

புருஷன் ஃப்ரிட்ஜ் ஏற்றுகிற வேனை எடுத்துக்கொண்டு வந்தான். வழியில் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அவன் ஜோக் அடிக்காமல் அந்த வேன் ஓடியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் அக்கா நேராகத் தன் அறைக்குப் போகவில்லை. ரேடியோவின் அறைக் கதவைத் தட்டினாள். ரேடியோ அப்போதுதான் ஜெல் குப்பிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரு உதவி வேணும்,” என்றாள் அக்கா. “என் தங்கச்சிய நீங்க அளக்கணும். நேத்து நான் அளந்தது சரியில்ல. என்ன நம்பர் வந்துச்சுன்னு இப்ப கேக்காதீங்க, அப்புறம் சொல்றேன்.”

இந்த இடத்தில் ரேடியோவுக்குக் கிடைத்த வாய்ப்பு இருக்கிறதே, அதற்காக எத்தனையோ பேர் ஒரு வேலைக் காலம் முழுக்கக் காத்திருப்பார்கள். ‘அளந்ததா, நெனச்சதா’ என்று திருப்பிக் கேட்டிருந்தால் யாரும் அவளைத் தப்புச் சொல்லியிருக்க முடியாது. தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரேடியோ கையைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க பிளாஸ்திரி ஒண்ணு குடுங்க. எங்கிட்ட இல்ல.”

அக்கா பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ரேடியோ அதை மூலையில் ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் விரலால் தடவிவிட்டாள். அக்கா அறையின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நிறுத்திய பிள்ளை மாதிரி.

ரேடியோ வழக்கம்போல் பேச்சோடுதான் ஆரம்பித்தாள். ஜெல் குளிருகிறதா, கடையில் எத்தனை பேர் வேலை, தன் பெண்ணுக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுத்தால் என்றைக்குக் கிடைக்கும், இப்படி. தலையை அளந்தாள். தொடையை அளந்தாள். வயிற்றுக்கு வந்தாள். பாதி வார்த்தையில் பேச்சு நின்றது.

ரேடியோ ஓய்ந்துபோன அறையில் ஸ்கேன் மிஷினின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அது இத்தனை பெரிய சத்தம் என்று அதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. ரேடியோ வயிற்றை ஒரு முறை அளந்தாள், அழித்தாள், புதிதாகப் பிடித்து மறுபடி அளந்தாள். மூன்றாவதாகவும் ஒன்று. எதையும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. வட்டம் வட்டமாகவே நின்றது. தங்கை இந்த முறை கண்ணை மூடவில்லை.

பிளாஸ்திரியை உரித்தபோது வந்த எண் இரண்டாயிரத்துக்குக் கீழே இருந்தது. அக்காவுக்கு முதலில் வந்து, அக்கா அழித்துவிட்ட எண்ணுக்கு மிக அருகில்.

“தலை வாரத்துக்கு ஏத்த மாதிரி இருக்கும்மா,” என்றாள் ரேடியோ தங்கையிடம், மெதுவாக. “வயிறுதான் ஒட்டிப் போயிருக்கு. உள்ள வர்ற சாப்பாடு கொறஞ்சிருக்கு. உங்க புள்ளை என்ன பண்ணியிருக்கு தெரியுமா? கெடச்சதையெல்லாம் தலைக்கு அனுப்பிட்டு வயித்தைப் பட்டினி போட்டிருக்கு. கெட்டிக்காரப் புள்ளை. அதனாலதான் நாங்க வயித்துச் சுத்தளவுல இவ்வளவு கண்ணா இருக்கறது.”

பிறகு தொப்புள்கொடியைத் தேடிப் பிடித்தாள். இருதயத் துடிப்போடு ஏறி இறங்கும் ரத்த ஓட்டம் திரையில் மலைமலையாக வந்தது. மலைகளுக்கு நடுவில் பள்ளம் இருக்க வேண்டியதைவிட ஆழமாக இருந்தது. “ஓட்டம் இருக்கு, ஆனா சிரமப்பட்டுப் போகுது,” என்றாள். பெரிய டாக்டருக்கு ஆள் அனுப்பினாள்.

பெரிய டாக்டர், பிரசவப் பிரிவின் தலைவர், நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியோடு வந்தார். நேற்றைய ரிப்போர்ட்டையும் இன்றைய படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னாலேயே இரண்டு பயிற்சி டாக்டர்களும் ஒரு நர்ஸும் வந்து நின்றார்கள்.

“ஒரே நாள்ல இவ்வளவு வித்தியாசமா?” என்றவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். “சரி, ஸ்கேன் எடையில நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு முன்னப்பின்ன யாருக்கும் வரும். மிஷின் கணக்குதானே.”

எத்தனை அழகான கதவு அது. தலையை ஆட்டியிருந்தால் போதும். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள், தராசு தராசாகவே இருந்திருக்கும். படுத்திருந்த தங்கைகூட, ஆட்டிவிடேன் அக்கா என்றுதான் மனசுக்குள் கெஞ்சினாள்.

“இது அந்தத் தப்பு இல்ல, டாக்டர்,” என்றாள் அக்கா. “அது தெரியாம வர்றது. நான் நம்பரைப் பாத்துட்டு, அது ஏறுற வரைக்கும் திரும்பத் திரும்ப அளந்தேன். முதல் படம் நல்லாத்தான் விழுந்துச்சு. நான்தான் அழிச்சேன். என் தங்கச்சிய நான் பாத்திருக்கவே கூடாது. நேத்து ரிப்போர்ட்டுல ‘தப்பு’ன்னே எழுதுங்க, என் பேரைப் போட்டு.”

பயிற்சி டாக்டர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். ரேடியோ துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு அந்த நிமிஷத்தில் பயம்கூட ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. இப்படி ஒருத்தியின் கையில் வளர்ந்திருக்கிறோமே என்று நெஞ்சு நிறைந்து, வாய்விட்டு அழுகை வந்தது. சரியாக அளக்கிறவர்களை உலகத்தில் பார்க்கலாம். தப்பாக அளந்துவிட்டு, தப்பிக்க வாசல் திறந்திருக்கும்போது, உள்ளேயே நின்று ‘நான்தான்’ என்கிறவர்களை எங்கே போய்ப் பார்ப்பது?

“பிளாஸ்திரிய உரிச்சது நான், டாக்டர்,” என்றாள் அழுகையோடு.

பெரிய டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “பிளாஸ்திரி கதையெல்லாம் அப்புறம் கேக்கறேன். நீங்க இப்ப வந்தது நல்லதாப் போச்சு. அடுத்த சோதனைக்கு வந்திருந்தீங்கன்னா எப்படி இருந்திருக்கும்னு சொல்ல முடியாது. இனிமே உள்ள இருக்கறத விட வெளிய இருக்கறதுதான் புள்ளைக்கு நல்லது. இன்னைக்கே ஆரம்பிச்சுடுவோம்.”

பிரசவ வலி வர மருந்து கொடுத்து, வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் இருதயத் துடிப்பை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வலிக்கும் துடிப்பு சரிந்து, சிரமப்பட்டு மேலே ஏறியது. மத்தியானத்துக்கு மேல் சரிவு ஆழமானது. இனிக் காத்திருக்க வேண்டாம், ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே புருஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கழற்றவும் மாட்டவும் ஒன்றும் இல்லாமல், கையில் இருந்த ஸ்குரூடிரைவரை வெறுமனே திருப்பிக்கொண்டிருந்தான். “எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். வம்சத்தைப் பற்றி அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்காவை ஆபரேஷன் அறைக்குள் விட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்த தங்கையின் தலைமாட்டில் நின்று, அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கத்தரிகளின் சத்தம். தையல்காரிக்கு அந்தச் சத்தம் பழக்கமானதுதான். ஆனாலும் கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, கதவுக் கீல் போடுகிற சத்தம் மாதிரி மெல்லியதாக ஒரு கீச். அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிறுத்தவே இல்லை.

“பொண்ணு. சின்னக் குட்டி, ஆனா குரலைப் பாருங்க,” என்றாள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ்.

துடைத்து, மூச்சைச் சோதித்து, எடை பார்க்கத் தங்கையின் கண்ணில் படும்படி ஓரத்தில் இருந்த மிஷின் தட்டில் வைத்தார்கள். கை கால் எல்லாம் குச்சி. மேலே தலை மட்டும் பெரிய மனுஷித் தோரணையில். வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. தங்கை வெட்டி வைத்திருந்த சட்டைக்குள் இவளைப் போட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

அக்கா தட்டின் பக்கத்தில் போய் நின்றாள். நின்றவள், எடை காட்டுகிற சின்னக் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள். பழக்கமா, பயமா, அவளுக்கே தெரிந்திருக்காது. நர்ஸ் ஒன்றும் புரியாமல் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“அக்கா,” என்றாள் தங்கை.

“ம்.”

“கைய எடு. எவ்வளவு இருக்காளோ அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

அக்கா கையை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.”

நர்ஸ் எழுதிக்கொண்டே, “கிட்டத்தட்ட ரெண்டு கிலோ,” என்றாள் ஆறுதலாக.

“ரெண்டு கிலோ இல்ல,” என்றாள் அக்கா. “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.”

படுத்தவாக்கிலேயே தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டில் கிடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது கிராமும் ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது.